பில்லுக்குப் போன் நம்பர் எதற்கு?

மருந்துக் கடையில் நிற்கிறோம். மாத்திரையைக் கையில் தருவதற்கு முன்பே, "போன் நம்பர் சொல்லுங்க" என்கிறார் பில் போடுபவர். யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிறகு கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறோம். இந்த இரண்டு நிமிடத்தில் நம்மைப் பற்றி யாருக்கெல்லாம் என்னென்ன தெரிந்துவிடுகிறது?

யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது நம் வங்கி, கடைக்காரரின் வங்கி, நாம் பயன்படுத்தும் செயலி, இந்த முறையை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் என்று பல இடங்களில் பதிவு உண்டாகிறது. எந்தக் கடை, எவ்வளவு தொகை, எந்த நேரம் என்பவை அதில் இருக்கும். என்ன பொருள் என்பது பொதுவாக இருக்காது. அது கடையின் பில்லில் இருக்கிறது. பில்லோடு நம் எண்ணையும் சேர்த்துவிட்டால், சர்க்கரை மாத்திரையா, மனநல மருந்தா, கர்ப்பப் பரிசோதனைக் கருவியா என்பதெல்லாம் நம் கணக்கில் வரிசையாகச் சேரும்.

சேர்ந்தால் என்ன? அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், வாசனையற்ற லோஷன், சத்து மாத்திரை போன்றவற்றை வாங்குவதை வைத்தே எந்த வாடிக்கையாளர் கர்ப்பமாக இருக்கலாம் என்று கணித்து வந்ததை 2012-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வீட்டாரிடம் சொல்லும் முன்பே கடைக்குத் தெரிந்துவிடலாம் என்பதே இதன் பொருள். நம் பெண்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பில்லுக்காகச் சொல்லும் எண், பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழுகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். பில் போட எண் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது.

நாம் செய்யக்கூடியவை:

• "நம்பர் இல்லாமல் பில் போடுங்கள்" என்று தயங்காமல் சொல்லலாம்.

• பிறர் அறிய வேண்டாத பொருளுக்கு ரொக்கமே நல்லது.

• பல செயலிகளில், போன் எண் இடம்பெறாத யுபிஐ முகவரியை அமைத்துக்கொள்ளலாம்.

• பாயிண்ட், தள்ளுபடி என்று கேட்டால், அந்தச் சில ரூபாய்க்கு நம் விவரம் தகுமா என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

யுபிஐ-யை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நம் அன்றாட வேலையை எளிதாக்கியிருக்கிறது. கேட்பவர் எல்லோருக்கும் எண்ணைக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விடுவோம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்வோம்.