ஒரே லினக்ஸ், பல செயலிகள்: பராமரிப்பாளர் இல்லையெனில் ஆதரவும் இல்லை

கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை இயங்கும் லினக்ஸ், பல வகைச் செயலிகளுக்கும் ஒரே மூல நிரல் தொகுப்பிலிருந்தே உருவாக்கப்படுகிறது. கோப்பு முறைமை, வலையமைப்பு போன்றவற்றுக்கான நிரல் பெரும்பாலும் பொதுவானது. நினைவக மேலாண்மையின் அடிப்படைப் பணிகள் உள்ளிட்ட, செயலிக்குச் செயலி வேறுபடும் பகுதிகள் தனிக் கோப்புறைகளில் வைக்கப்பட்டுள்ளன.

பொது நிரலில் செய்யப்படும் மாற்றம், ஏதேனும் ஒரு செயலியில் பிழையை உண்டாக்கக்கூடும். எனவே, ஒவ்வொரு வகைக்கும் சோதித்துத் திருத்தும் பராமரிப்பாளர்கள் தேவை. பயனரும் பராமரிப்பாளரும் குறைந்தால் ஆதரவு விலக்கப்படுகிறது. 1991-இல் லினக்ஸ் முதன்முதலில் எழுதப்பட்ட இன்டெல் 386 செயலிக்கான ஆதரவே 2013-இல் 3.8 பதிப்புடன் முடிவுக்கு வந்தது. 2018-இல் வெளியான 4.17 பதிப்பில் 8 செயலிக் கட்டமைப்புகள் நீக்கப்பட்டன.

அதே ஆண்டு ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பில், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்புக்கான அடிப்படை ஆதரவு சேர்க்கப்பட்டது. சென்னை ஐஐடியின் 'சக்தி', சி-டாக் நிறுவனத்தின் 'வேகா' ஆகிய இந்தியச் செயலிகள் இக்கட்டமைப்பைச் சார்ந்தவை. இதனால், பல நாட்டினர் இணைந்து பராமரிக்கும் நிரலை அவை பயன்படுத்த முடிகிறது. எனினும், அந்தச் சில்லுகளுக்கே உரிய சாதன இயக்கிகளைத் தொடர்ந்து பராமரிக்கும் பொறுப்பு இந்தியப் பொறியாளர்களையே சாரும்.