கைவிடப்பட்ட ஆட்டம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் கணினிக்கான கிரிக்கெட் விளையாட்டு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அது இன்னும் முழுமை பெறவில்லை என்று விற்பனைப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தார்கள். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டம், நாளாக ஆகத் தேயும் ஆடுகளம், சொந்த அணியை உருவாக்கும் வசதி ஆகியவை விரைவில் சேர்க்கப்படும் என்றும் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை நம்பித்தான் பணம் செலுத்தினேன். முதல் ஆறு மாதங்களில் நான்கு திருத்தங்கள் வந்தன. பிறகு ஒன்று வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. விக்கெட் கீப்பரின் கையுறையை ஊடுருவிப் பந்து எல்லைக்கோட்டுக்குச் செல்லும் பிழை இன்றும் அப்படியே இருக்கிறது. பணியை நிறுத்திவிட்டோம் என்றுகூட எவரும் அறிவிக்கவில்லை.

'பொழுதுபோக்குக்காக வாங்கிய ஒன்றுக்கு இத்தனை வருத்தமா?' என்று சிலர் கேட்கக்கூடும். இழந்த தொகை பெரிதன்று. ஆனால், முடிக்கப்படாத பொருளை விற்பவருக்கு என்ன கடமை உண்டு என்ற கேள்வி சிறியதன்று.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2013 மார்ச் மாதத்தில் 'எர்லி ஆக்சஸ்' என்ற முறையைத் தொடங்கியது. உருவாக்கத்தில் இருக்கும் விளையாட்டை முன்கூட்டியே விற்கலாம். அந்தப் பணத்தைக் கொண்டும், ஆடுபவர்களின் கருத்தைக் கொண்டும் அதை முடிக்கலாம் என்பது இதன் நோக்கம். சிறிய குழுக்கள் பலவற்றுக்கு இது வாழ்வளித்திருக்கிறது. அதே வேளையில், சில குழுக்களால் விளையாட்டை முடிக்க இயலாமல் போகலாம் என்று அந்தத் தளமே எச்சரிக்கிறது. வருங்காலத்தை நம்பாமல், இப்போதுள்ள நிலையைப் பார்த்து வாங்குவதே முறை என்பது இதன் பொருள். ஆனால், விற்பனைப் பக்கங்களில் நம்மை ஈர்ப்பவை பெரும்பாலும் வருங்கால வாக்குறுதிகளே.

மற்ற வகைகளைவிட, களப்போட்டிகளைச் சித்திரிக்கும் விளையாட்டுகளில் இந்த ஏமாற்றம் கூடுதலாக உறைக்கிறது. கதை சார்ந்த விளையாட்டில் பாதி அத்தியாயங்கள் இல்லாவிட்டாலும், இருக்கும் பாதியை ரசிக்க முடியும். கிரிக்கெட்டின் விதிகளையோ ஆடுபவர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார். பந்து எங்கே எழும்ப வேண்டும், களத்தடுப்பாளர் எப்பக்கம் ஓட வேண்டும் என்பதைச் சிறுவயது முதல் பார்த்துப் பழகியவர் அவர். எல்பிடபிள்யூ தீர்ப்பு சரியாக அமையாவிட்டால் அது கிரிக்கெட்டே ஆகாது. இங்கே ஒரு பிழை என்பது வெறும் குறையன்று. வெல்ல வேண்டியவரைத் தோற்கடிக்கும் அநீதி.

இதற்கு நன்கறியப்பட்ட சான்று, 'ஆஷஸ் கிரிக்கெட் 2013'. ஆஸ்திரேலியாவின் டிரிக்ஸ்டார் கேம்ஸ் உருவாக்கி, 505 கேம்ஸ் வெளியிட்ட இதற்கு இங்கிலாந்து, ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியங்களின் உரிமம் இருந்தது. அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்தில் நடந்த தொடரின்போது வந்திருக்க வேண்டிய அது, நவம்பரில் ஆஸ்திரேலியத் தொடர் தொடங்கிய வேளையில்தான் கணினிக்கு வந்தது. பந்து ஒருபுறம் செல்ல, களத்தடுப்பாளர்கள் மறுபுறம் நிற்கும் காட்சிகள் காணொலிகளாகப் பரவின. சில நாள்களிலேயே அது விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. வெளியீட்டு நிறுவனம் திட்டத்தையே கைவிட்டு, மன்னிப்புக் கோரி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

அது அவமானகரமான முடிவுதான். ஆனாலும் நேர்மையான முடிவு. ஆஷஸ் என்ற பெயரும் இரு வாரியங்களின் மதிப்பும் பணயமாக இருந்ததால், மௌனமாக ஒதுங்கிவிட வழியில்லை. காப்பதற்குப் பெரிய பெயர் ஏதும் இல்லாத இடத்தில்தான் மௌனம் எளிதாகிவிடுகிறது.

பணத்தைத் திரும்பப் பெற வழியில்லையா என்றால், உண்டு. வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 2015 முதல் ஸ்டீம் அனுமதிக்கிறது. ஆனால், ஒரு டெஸ்ட் ஆட்டத்தைக் கணினியில் முழுமையாக ஆட 2 மணி நேரம் போதாது. நான்காவது இன்னிங்ஸில் தெரியவரும் குறையை முதல் இன்னிங்ஸிலேயே எப்படி அறிவது? தவிரவும், கைவிடப்படுதல் என்பது 14 நாள்களில் நிகழ்வதன்று. மாதக்கணக்கில் மெல்ல நிகழ்வது.

உருவாக்குபவர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தொடக்க விற்பனை முடிந்ததும் வருவாய் வற்றிவிடுகிறது. திருத்தும் வேலை மட்டும் வற்றுவதில்லை. தோல்வி குற்றமன்று. தோல்வியை மறைத்து, பழைய வாக்குறுதிகளைப் பக்கத்தில் அப்படியே வைத்துக்கொண்டு விற்பனையைத் தொடர்வதுதான் குற்றம்.

மாற்றத்துக்கான அறிகுறிகள் தென்படாமல் இல்லை. ஓராண்டுக்கு மேல் திருத்தம் ஏதும் வராத எர்லி ஆக்சஸ் விளையாட்டுகளின் பக்கத்தில் அதைச் சுட்டிக்காட்டும் அறிவிப்பை 2025 பிப்ரவரியில் ஸ்டீம் வெளியிடத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய டிஜிட்டல் உள்ளடக்க நெறிமுறை, பொருள் ஒப்பந்தப்படி இயங்கத் தேவையான திருத்தங்களை வழங்குவதை விற்பவரின் பொறுப்பாக்கியது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் டிஜிட்டல் பொருள்களை உள்ளடக்கியவையே. இவற்றின் வழியே மூன்று கடமைகளை வலியுறுத்தலாம்: பணி நின்றால் அறிவிக்க வேண்டும், அன்றே விற்பனையை நிறுத்த வேண்டும், அண்மையில் வாங்கியவர்களுக்கேனும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மைதானத்தில் மழை விடாமல் பெய்தால், ஆட்டம் கைவிடப்பட்டதாக நடுவர்கள் அறிவிக்கிறார்கள். வீசப்பட்ட ஓவர்கள் மிகக் குறைவாக இருந்தால், இங்கிலாந்தில் நுழைவுச்சீட்டுக்கான பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமும் உண்டு. மழைக்கு எவரும் பொறுப்பல்லர். ஆயினும் ரசிகரிடம் சொல்லி அனுப்பும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கிறது. கணினித் திரையில் கைவிடப்படும் ஆட்டத்துக்கும் அந்த மரியாதையையே கேட்கிறேன்.