வரவேட்டில் இடம்பெறாத மரங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் வளாகமே ஒரு மரப்பூங்கா. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. நுழைவுக் கட்டணம் கிடையாது. வகுப்பறைகளுக்கிடையே நிற்கும் மரங்களில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. 1929-இல் முன்னாள் மாணவர் ஆர்தர் ஹாய்ட் ஸ்காட்டின் நினைவாக அவருடைய குடும்பத்தார் அளித்த கொடையால் உருவானது இது. அவர் கழிவறைக் காகிதம் தயாரித்த நிறுவனத்தின் தலைவர். மரக்கூழில் வந்த செல்வம் மரமாகவே திரும்பியிருக்கிறது!

பூங்காவின் நோக்கம் அழகு மட்டுமன்று. அப்பகுதியின் மண்ணையும் குளிரையும் எந்த மரம் தாங்கும் என்பதை வளர்ந்த நிலையில் கண்டு, மக்கள் தம் வீடுகளுக்குத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நாற்றுப் பண்ணையில் வாங்கும் கன்று முப்பது ஆண்டுகளில் என்னவாகும் என்பதை வாங்குபவர் அறிய முடியாது. பிழை தெரியும்போது அவருக்கே வயதாகிவிடும். அந்த நெடிய சோதனையின் செலவை எல்லோருக்காகவும் பூங்கா ஏற்கிறது. ஒருவர் அறிந்துகொள்வதால் மற்றவருக்கு எதுவும் குறைவதில்லை. பொதுப் பண்டத்துக்குப் பாடநூல்கள் கலங்கரை விளக்கத்தைக் காட்டும். நான் இதைக் காட்டுவேன்.

இத்தகைய பண்டத்தைச் சந்தை போதிய அளவு தராது. வரவே இல்லாததால் நிதிக்குழுவின் கண்ணுக்கு அது காலி மனையாகவும் தெரியக்கூடும். புதிய கட்டடத்துக்கு மதிப்பீட்டுத் தொகை உண்டு. எண்பது வயது மரத்துக்கு அப்படியொரு தொகை எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஸ்வார்த்மோரிலோ, 1942-இல் திறந்தவெளி அரங்கம் அமைத்தபோதும் டூலிப் மரங்களுக்கு இருக்கைகளின் நடுவே இடம் கிடைத்தது. பட்டமளிப்பு விழா அங்கேதான் நடைபெறுகிறது.