காற்றை நம்பி நிறுத்திய ரயில்

கச்சா எண்ணெய், அமோனியா, குளோரின், எல்.பி.ஜி. போன்ற சரக்கை ஏற்றிய டேங்கர் ரயில் ஓடும்போதுதான் ஆபத்து என்று நினைப்போம். ஆனால் வட அமெரிக்காவில் 2013-க்குப் பிறகு கடுமையாக்கப்பட்ட விதிகளில் முக்கியமானவை, அந்த ரயில் சும்மா நிற்கும் நேரத்தைப் பற்றியவை. காரணம், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக் மெகான்டிக் என்ற சிறிய ஊர்.

2013 ஜூலை 5 இரவு, 72 டேங்கர்களில் 77 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெயுடன் வந்த ரயில், ஊருக்குச் சுமார் 11 கிலோமீட்டர் முன்னால் நான்ட் என்ற இடத்தில் பிரதான பாதையிலேயே நிறுத்தப்பட்டது. அதை ஓட்டி வந்தவர் ஒரே ஒருவர். பணி முடிந்து, டாக்சியில் ஏறி ஓட்டலுக்குப் போய்விட்டார். ரயில் நின்ற இடத்தில் சரிவு 1.2 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 1.2 மீட்டர் இறக்கம். நம் கண்ணுக்கு அது தெரியாது. 9,000 டன்னுக்கு மேல் எடையுள்ள ரயிலுக்குத் தெரியும்.

நிற்கும் ரயிலைப் பிடித்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காற்று பிரேக். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை கம்ப்ரசர் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றால் இணைப்புகளின் வழியே காற்று மெல்லக் கசியும். இன்னொன்று கை பிரேக். ஒவ்வொரு வேகனிலும் உள்ள கைச்சக்கரத்தைத் திருக வேண்டும். சங்கிலி இழுபட்டு பிரேக் கட்டை சக்கரத்தோடு இறுகும். மேட்டில் லாரியை நிறுத்துபவர் டயருக்கு அடியில் கல் வைக்கிறாரே, அதே வேலைதான். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் இது பிடிக்கும். சிரமம் என்னவென்றால், ஒவ்வொரு வேகனாக இருட்டில் நடந்துபோய்த் திருக வேண்டும். ஆள் ஒருவர்தான் என்றால் எத்தனை வேகன் திருகுவார்?

அந்த இரவில் ஏழு. ஐந்து இன்ஜின்கள், அவற்றோடு இருந்த இரண்டு வண்டிகள். எண்ணெய் டேங்கர் ஒன்றில்கூடக் கை பிரேக் போடப்படவில்லை. ரயிலை இயக்கிய கம்பெனியின் விதிப்படி ஒன்பது போட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்பதும் போதாது. குறைந்தது 17, ஒருவேளை 26 வரை தேவைப்பட்டிருக்கும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கணக்கிட்டது. அதாவது விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தாலும் ரயில் உருண்டிருக்கும்.

கை பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காற்று பிரேக்கை முழுவதும் தளர்த்திவிட்டு, இன்ஜினால் ரயிலை நகர்த்த முயல வேண்டும். நகராவிட்டால் தேறியது. அன்று இன்ஜின்களின் காற்று பிரேக்கைத் தளர்த்தாமலே சோதனை நடந்தது. ரயில் நகரவில்லை, பிடித்து நிறுத்தியது எது என்பது தெரியவில்லை.

நள்ளிரவுக்கு முன் முதல் இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து, இன்ஜினை நிறுத்தி, தீயை அணைத்தார்கள். அவர்கள் செய்தது சரியான வேலை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது ஒன்றுதான். கம்ப்ரசரும் அதோடு நின்றது. சம்பவ இடத்துக்கு வந்த ரயில்வே ஊழியருக்கு இன்ஜின் இயக்கத்தில் பயிற்சி இல்லை. வேறு இன்ஜினை யாரும் இயக்கவில்லை. எல்லோரும் கலைந்தார்கள். ஒரு மணிக்குச் சற்று முன் ரயில் தானாக நகரத் தொடங்கியது. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஊர் நடுவே வளைவில் பாய்ந்து 63 டேங்கர்கள் தடம் புரண்டன. 47 பேர் இறந்தனர்.

அதே மாதம் 23-ஆம் தேதி கனடா அரசு அவசர உத்தரவு போட்டது. அபாயச் சரக்கு டேங்கர் உள்ள ரயிலை ஓட்ட இருவர் வேண்டும். அதைப் பிரதான பாதையில் ஆளில்லாமல் விடக்கூடாது. இன்ஜின் அறைக்குள் வெளியாள் நுழைய முடியாதபடி செய்ய வேண்டும். ஆகஸ்டில் அமெரிக்காவும் தன் உத்தரவை வெளியிட்டு, 2015-இல் நிரந்தர விதியாக்கியது. ரயிலை நிறுத்திவிட்டுப் போகிறவர், பிரேக் விவரத்தைத் தகுதியுள்ள இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. தீயணைப்பு வீரர்களோ மீட்புக் குழுவோ ரயிலில் ஏறி இறங்கியிருந்தால், விவரம் தெரிந்த ரயில்வே ஆள் மறுபடி சோதித்த பிறகே அதை விட்டுப் போகலாம் என்றும் சொல்கிறது. நான்ட்டில் நடந்ததைப் படித்தவர்களுக்கு இந்த ஷரத்து எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆளில்லாத ரயில் எது என்பதற்கும் அமெரிக்க விதியில் விளக்கம் உண்டு. தகுதியுள்ளவர் உடனே பிரேக்கைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் நின்றால் அது ஆளில்லாத ரயில். பக்கத்தில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் கணக்கில் சேராது.

ஆலைக்குள் டேங்கரிலிருந்து சரக்கை இறக்கும்போதும் இதே கெடுபிடிதான். கை பிரேக் போட்டு, சக்கரம் இரு பக்கமும் நகராதபடி கட்டை வைக்க வேண்டும். நீல நிறத்தில் வெள்ளை எழுத்தில் 'நில்' என்று எழுதிய, குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகை தண்டவாளத்திலோ டேங்கரிலோ இருக்க வேண்டும். குழாய் மாட்டியிருக்கும் நேரம் முழுவதும், மறைப்பில்லாமல் பார்க்கக்கூடிய இடத்தில் பொறுப்பாளர் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கைக் கருவி கண்காணிக்க வேண்டும். 1973-இல் அரிசோனாவின் கிங்மன் நகரில் புரொப்பேன் இறக்கும்போது இணைப்பில் கசிந்து தீப்பிடித்த டேங்கர் வெடித்ததில் 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இறக்கும் நேரத்தில் இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒன்று போதும்.

நம் நாட்டிலும் இது நடக்காததல்ல. 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்மு-காஷ்மீரின் கதுவா நிலையத்தில் நின்ற சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமல் 70 கிலோமீட்டருக்கு மேல் உருண்டு பஞ்சாபுக்குள் போய்த்தான் நின்றது. ஏற்றியிருந்தது ஜல்லி. யாருக்கும் காயமில்லை.

லாக் மெகான்டிக் வழக்கில் ரயில் ஓட்டுநர் உட்பட மூன்று ஊழியர்களை 2018 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. சரியான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. ஒரே ஆளாக ரயில் ஓட்டியது விபத்துக்குக் காரணமா என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றது பாதுகாப்பு வாரியம். ஆனால் அதன் அறிக்கை 18 காரணங்களை அடுக்குகிறது. சரியாகப் பழுதுபார்க்கப்படாத இன்ஜினும், போதாத கை பிரேக்கும் அதில் உண்டு. கம்பெனியின் குறைகளைத் தெரிந்துகொண்டும் அவை திருத்தப்பட்டனவா என்று தொடர்ந்து பார்க்காத அரசுத் துறையும் அதில் உண்டு.