கர்ப்பிணிகளும் சத்து மாத்திரைகளும்



உதவி கேட்டு மனுக் கொடுத்தவர்களின் வீடுகளுக்கு நாம் செல்லும்போது ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கின்றன. பக்கத்திலேயே வளைகுடாவிலிருந்து அனுப்பிய வைட்டமின் டப்பா பாதி காலியாகி இருக்கிறது. அவசியமானதை விட்டுவிட்டு, அவசியமா என்று தெரியாததைச் சாப்பிடுகிறோம்.

அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாட்கள். பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாட்கள். இதுவே அரசு வகுத்துள்ள முறை. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேர் இந்நிலையில் இருந்தனர். இரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் ஏற்படும் சாதாரண இரத்தப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் இதனால் நேரலாம்.

ஃபோலிக் அமிலத்தின் தேவை இன்னும் முன்பே தொடங்குகிறது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் கரு உண்டான முதல் நான்கு வாரங்களிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. ஆகவே குழந்தைக்கு முயலும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குவது நல்லது.

மாத்திரையை நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம். "மலம் கறுப்பாகப் போகிறது" என்பார்கள். அது இரும்பின் இயல்பு, பயமில்லை. "குமட்டுகிறது" என்றால் இரவு சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன் போடலாம். "பிள்ளை கறுத்துவிடும்" என்பதில் உண்மை இல்லை. "பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாளே" என்பார்கள் பெரியவர்கள். நல்ல உணவுதான், ஆனால் ஒரு கைப்பிடிப் பழத்தில் கிடைக்கும் இரும்பு ஓரிரு மில்லிகிராம்தான். அது மாத்திரைக்கு ஈடாகாது.

போடும் நேரமும் முக்கியம். தேநீரும் காப்பியும் இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும்.

மருத்துவர் தராத எதையும் கூடுதலாகச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு டப்பாக்களில் வைட்டமின் ஏ இருக்கலாம்; அது அளவு மீறினால் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். கருஞ்சீரக எண்ணெயையும் மருந்துபோல் குடிக்க வேண்டாம். சமையலில் சேர்ப்பது வேறு. அரசின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் இரும்பு டானிக்கை மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். டப்பாக்களையும் அட்டைகளையும் அப்படியே எடுத்துச் சென்று காட்டுவதே எளிது.

கேப்ஸ்யூலின் உறை எதில் செய்தது என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்காக மருந்தையே விட்டுவிட வேண்டியதில்லை. இரும்பும் கால்சியமும் ஜெலட்டின் உறை இல்லாத மாத்திரையாகவே கிடைக்கின்றன. அப்படித் தரும்படி மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ரமலானில், தனக்கோ குழந்தைக்கோ கேடு வருமென்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட மார்க்கம் சலுகை தந்துள்ளது. உடல்நிலையை மருத்துவரிடமும், விட்ட நோன்பைப் பற்றி ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைப்பவர்கள் மாத்திரையை விடாமல், கால்சியத்தை இஃப்தார் உணவோடும் இரும்பை இரவு படுக்கும் முன்பும் போடலாம்.

மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இன்று மாத்திரை போட்டாயாம்மா?" என்று தினமும் ஒரு முறை கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியிலேனும் கேட்கலாம். இன்றே அந்த அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

நம் தாய்மார்கள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப்பிரசவத்தையும் ஆரோக்கியமான குழந்தைகளையும் தந்தருள்வானாக. ஆமீன்.