இரவல் வாங்கும் நூலகம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினர். புத்தளம் கரையோர முகாம்கள் சில காலப்போக்கில் ஊர்களாகின. கொண்டுவர விட்டது கொஞ்சம். அதில் புத்தகத்துக்கு ஏது இடம்? பாடசாலை மலர், ஊர்ச் சங்க அறிக்கை, கலியாண அழைப்பிதழ் எல்லாம் வீட்டோடு போயின.

இந்த வாசகருக்கு நூலகத்தில் கணினியும் மின்விசிறியும் வந்தால் நல்லதுதான். ஆனால் அவர் தேடுவது அலுமாரியில் இல்லையே.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் வேறு வழியில் போனது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் ஒரு தீ போதும் என்பதை அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை. இப்போது நூலகமே வாசகரிடம் இரவல் கேட்கிறது. மலரையோ சஞ்சிகையையோ பக்கம் பக்கமாக வருடி, மூலத்தை உரியவரிடம் கொடுத்துவிடலாம். பிரதியைக் கற்பிட்டியிலும் கனடாவிலும் கைபேசியில் இலவசமாக வாசிக்கலாம்.

வருடுவது பாதி வேலைதான். ‘எருக்கலம்பிட்டி’ என்று தேடினால் கிடைக்க வேண்டுமானால் ஊர், ஆண்டு, வெளியிட்டவர் விபரங்களை யாராவது பதிய வேண்டும். அட்டை கிழிந்த மலர் எந்த ஆண்டுக்குரியது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் முதியவர்களே. காணி உறுதி, குடும்பக் கடிதம் போன்றவற்றைப் பொதுவில் இடலாமா என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும்.

உப்புக்காற்றும் கறையானும் காத்திருப்பதில்லை.