சுற்றளவு சொல்லும் சேதி

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 30 அடிக்கு மேல் உயரம் கொண்டது. மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் அதன் மேல் மலைபோல் குவியும். புரவி எடுப்புக்கு வேளார்கள் செய்யும் மண் குதிரைகளிலும் நெஞ்சுதான் புடைத்து நிற்கும். வலுவை வயிற்றில் காட்டாமல் நெஞ்சில் காட்டுவது அந்தக் கைகளுக்குப் பழக்கம். மாட்டுக்கும் மரத்துக்கும் மனிதருக்கும் இதே கதைதான்: சுற்றளவை எங்கே எடுப்பது என்று தெரிந்தால்தான் அது உண்மை சொல்லும்.

மாடு

தராசு இல்லாத ஊரில் தையல் டேப் போதும். மாட்டைச் சமதரையில் நிறுத்தி, முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சுச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்று 60, நீளம் 50 என்றால் எடை சுமார் 273 கிலோ. விற்கும்போது மட்டுமல்ல, குடற்புழு மருந்தின் அளவுக்கும் இது வேண்டும்.

வயிற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது. வயிறு பெருத்து, நெஞ்சு ஒடுங்கி, முடி சிலிர்த்த கன்று கொழுத்த கன்று அல்ல. பெரும்பாலும் குடற்புழு பிடித்த கன்று. சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும்.

மரம்

அடிமரம் அகன்றிருக்கும். அதனால் நிற்கும் மரத்தைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், டேப் சாயாமல் அளப்பது முறை.

வெட்டிய மரத்துக்குக் கட்டையின் நடுச்சுற்றை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கமான கணக்கு. 4 அடி சுற்று, 10 அடி நீளக் கட்டைக்கு 10 கன அடி வரும். உருளையின் உண்மைக் கொள்ளளவோ சுமார் 12.7 கன அடி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராது. சதுரமாக அறுக்கும்போது விழும் சேதாரத்துக்காக விட்ட கழிவு இது. எனவே இந்தக் கணக்கில் அளந்த பிறகும் 'சேதாரம்' என்று மறுபடி கழித்தால், ஒரே கழிவு இரண்டு முறை போகிறது. நடுவில் அளக்காமல் நுனியில் அளந்தாலும் நட்டம்தான்.

இன்னொன்று: நீளம் அதேதான் என்றாலும், சுற்று 2 அடியிலிருந்து 3 அடியானால் மரம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு ஆகிறது. அவசரம் இல்லாத தேக்கை நிற்க விடுவது லாபம்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோட்டங்களில் மரத்தை உடனே அகற்றியாக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேளையில் பேரம் பேச நேரம் இருக்காது. மரம் நிற்கும்போதே வரிசை எண் போட்டுச் சுற்றளவைக் குறித்து வைத்தவர் கையில்தான் கணக்கு இருக்கும்.

மனிதர்

கன்றுக்குச் சொன்னது குழந்தைக்கும் பொருந்தும். வயிறு உப்பிய பிள்ளையைப் புஷ்டியான பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கன்வாடியில் மேல்கைச் சுற்றை நாடாவால் அளப்பது அதற்காகத்தான். 6 மாதம் முதல் 5 வயது வரை அது 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு இடுப்புச் சுற்று: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய்க்கான எச்சரிக்கை.

மாட்டுத் தரகரோ மர வியாபாரியோ வாசலுக்கு வருவதற்கு முந்தைய நாளே அளந்து, நோட்டில் தேதியோடு எழுதி வைப்பது நல்லது. கண் மதிப்பில் தொடங்கும் பேரம் பெரும்பாலும் வாங்குபவர் பக்கமே சாயும்.